மேரியா கிரகாமும் சிலி நாட்டுக் கடற்கரையும்

1821ஆம் ஆண்டு யூலை மாதம் 31ஆந் திகதி மாலை ஆறு மணியளவில், 'டோறிஸ்' என்னும் ஆங்கிலப் போர்க்கப்பல் தென் அமெரிக்காவை நோக்கிப் பாய் விரித்தது. அன்று நான்காம் ஜோர்ஜ் மன்னர் அயர்லாந்துக்குச் செல்லும்பொருட்டு அரச கப்பலொன்றில் ஏறியிருந்தார். அவருக்கு வேட்டு மரியாதை செலுத்திய பின்னரே டோறிஸ் புறப்பட்டது. அதன் தலைவர் கப்டன் தோமஸ் கிரகாம். அவருடைய மனைவி மேரியாவும் அக்கப்பலிலேயே பயணஞ் செய்தார்.

போர்க்கப்பலிலே மனைவிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். டோறிஸ் போர் தொடுக்கப் போகவில்லை. ஸ்பெயினும் போத்துக்கலும் முந்நூறு ஆண்டுகளாக ஆண்டுவந்த தென் அமெரிக்க நாடுகள் அந்நாளில் ஒவ்வொன்றாக விடுதலை வேண்டிக் கிளர்ந்தெழுந்துகொண்டிருந்தன. அந்நாட்டுத் துறைமுகங்களிலெல்லாம் ஆங்கில வணிகர் கடை விரித்திருந்தனர். யார் வென்றாலும் தம் வணிகம் கெடலாகாது என்பது அவர்கள் கவலை. அவர்களைக் காக்கவும், நடப்பனவற்றைக் கண்டு அறிவிக்கவுமே டோறிஸ் அனுப்பப்பட்டது. இத்தகைய காவற் பணியிற் செல்லும் தலைவர் தம் மனைவியை உடன் கொண்டுசெல்வது அரிதாயினும் இல்லாத வழக்கமன்று.

மேரியாவுக்குக் கடல் புதிதன்று. அவர் 1785இல் இங்கிலாந்தின் வடபகுதியிற் பிறந்தார். தந்தையார் டண்டாஸ் கடற்படை அதிகாரி. பம்பாய்க் கப்பற்றுறையில் உத்தியோகம் பெற்று 1808இல் அவர் புறப்பட்டபோது மகளையும் அழைத்துச் சென்றார். அந்த நெடும் பயணத்திலேதான் மேரியா, இளம் அதிகாரியாயிருந்த தோமஸ் கிரகாமைச் சந்தித்தார். 1809இல் பம்பாயிலே திருமணம் நடந்தது. அடுத்த ஆண்டே அவர் இலங்கைக்கு வந்து காலியையும் கொழும்பையும் கண்டார். பின்னர்ச் சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும் சென்றார். 1812இல் வெளிவந்த அவருடைய இந்திய நாட்குறிப்பிலே இவையெல்லாம் இடம்பெற்றுள்ளன. கண்டதைக் கண்ட அன்றே எழுதி வைப்பது அவருக்கு அப்போதே பழகிவிட்ட வழக்கம். பிற்காலத்தில் அவர் மானத்தைக் காத்தது இவ்வழக்கமே.

டோறிஸ் முப்பத்தாறு பீரங்கிகளுக்கென அமைந்த கப்பல். பம்பாய்த் துறையிற் கட்டப்பட்டது. மணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தும் கிரகாம் தம்பதியருக்குப் பிள்ளைகள் இல்லை. போரும் கடமையும் அவர்களைப் பல காலம் பிரித்தே வைத்திருந்தன. எனவே இப்பயணம் அவர்களுக்கு வாராது வந்த வாய்ப்பு என்றே சொல்ல வேண்டும். கப்பலிலே பயிற்சி பெறும் இளைஞர்கள் பலர் இருந்தனர். சிலர் சிறுவர் என்றே கூறத்தக்க வயதினர். அவர்களுக்குப் பாடஞ் சொல்லும் பள்ளியொன்றைக் கணவனும் மனைவியும் கப்பலிலேயே நடத்தினர். இங்கு கற்றவருள் ஒருவர் மேரியாவின் உறவினரான கிளென்னி என்பவர். இவ்விளைஞரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளல் நன்று. பூமி அதிர்ந்த இரவிலே அவர் மீண்டும் வருவார்.

மடேராத் தீவையும் தெனெறிபே தீவையும் கடந்து, செத்தெம்பர் மாதத்தில் டோறிஸ் பிறேசில் நாட்டின் பேர்ணம்புக்கோவை அடைந்தது. அங்கு சென்றபோது நகரம் முற்றுகையில் இருந்தது. போத்துக்கேய ஆளுநர் உள்ளே. விடுதலை வேண்டிய உள்நாட்டார் வெளியே. தெருக்களில் காவற்படை, உணவுப் பொருள்களுக்குத் தட்டுப்பாடு. இந்நிலையிலும் அந்நகரில் ஒரு வாணிகம் மட்டும் நின்றபாடில்லை. மேரியா கரையிறங்கி நடந்தபோது அடிமைச் சந்தையைக் கண்டார். ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஏறத்தாழ ஐம்பது இளைஞர்களும் சிறுமியரும் பிணியாலும் பசியாலும் வாடித் தெருவோரத்திற் கிடந்தனர். சந்தைப் பொருள் குறைவாயிருந்த நாள் அது என்று அவருக்குச் சொல்லப்பட்டது! அக்காட்சி அவரைக் கப்பலுக்குத் திருப்பி அனுப்பியது. இங்கிலாந்து 1807இல் அடிமை வாணிகத்தை விலக்கியிருந்தாலும், அதன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை 1830களின் நடுப்பகுதி வரை நீடித்தது என்பதையும் இங்கே மறந்துவிடுதல் தகாது. பிறேசிலில் அது 1888இலேதான் ஒழிந்தது. தாம் கண்டவற்றை மேரியா மறைக்காமல் எழுதினார். பாகியாவிலும் றியோ டி ஜெனீரோவிலும் அவர் எழுதிய பக்கங்களிலே அழகிய குடாக்களும் மரஞ்செடிகளும் வருமிடமெல்லாம் அடிமைகளும் வருகின்றனர்.

றியோவை அவர்கள் அடைந்தது டிசெம்பர் மாதத்தில். போத்துக்கல் மன்னர் அவ்வாண்டிலேயே லிஸ்பனுக்குத் திரும்பிவிட, மகன் பேத்றோ இளவரசர் பிறேசிலை ஆண்டுகொண்டிருந்தார். அவரையும் திரும்பி வருமாறு லிஸ்பன் சபை கட்டளையிட்டது. 1822 ஜனவரி 9ஆந் திகதி, தாம் போவதில்லை, இங்கேயே இருப்பதாக இளவரசர் அறிவித்தார். அடுத்த நாட்களில் போத்துக்கேயப் படைகள் நகரின் குன்றொன்றிலும், பிறேசில் மக்கள் ஆயுதந் தாங்கித் திறந்த வெளியொன்றிலும் எதிரெதிரே நின்றனர். ஒரு நாடு பிறக்கும் வேளையிலே அருகிருந்து பார்க்கும் பேறு ஆங்கிலக் கப்பற்றலைவர் ஒருவரின் மனைவிக்குக் கிடைத்தது. இரத்தம் பெருகாமலே போத்துக்கேயப் படை பின்வாங்கியது.

மார்ச்சு மாதம் 10ஆந் திகதி டோறிஸ் றியோவை விட்டுச் சிலி நாட்டை நோக்கிப் புறப்பட்டது. பனாமாக் கால்வாய் இல்லாத காலம் அது. 1914இலேதான் அது திறக்கப்பட்டது. மேற்குக் கரைக்குச் செல்ல வேண்டுமாயின் கண்டத்தின் தென்கோடியிலுள்ள ஹோண் முனையைச் சுற்றியே போதல் வேண்டும். அங்கே மேற்றிசைக் காற்று ஓயாது வீசும். மலைபோல் அலை எழும். கோடை முடிந்து குளிர் தொடங்கும் பருவமாதலால் பனியும் மூடுபனியும் சேர்ந்துகொண்டன. கப்டன் கிரகாம் நோயுற்றிருந்தார். தெற்கே செல்லச் செல்ல நோய் முற்றியது. மாலுமிகள் பாய்க் கயிறுகளில் உறைந்த பனியோடு போராட, கீழே சிறு அறையொன்றில் மேரியா கணவரின் படுக்கையருகே இருந்தார். றியோவை விட்ட நாள் தொடக்கம் அவர் ஓர் இரவேனும் முறையாக உடை மாற்றிப் படுத்ததில்லை. ஏப்பிரில் 9ஆந் திகதி இரவு படுத்தார். அப்போது எல்லாம் முடிந்துவிட்டது.

நாள்தோறும் எழுதும் அந்நாட்குறிப்பிலே இப்பகுதி மிகச் சுருங்கியது. கடலின் நிறத்தையும் பறவையின் இறகையும் பக்கம் பக்கமாக வருணித்தவர், கணவரின் மரணத்துக்குச் சில வரிகளே ஒதுக்கினார்.

ஏப்பிரில் 28ஆந் திகதி டோறிஸ் வல்பறைசோத் துறைமுகத்தில் நங்கூரமிட்டது. சில நாட்களுள் கப்டன் கிரகாமின் உடல் அங்கே அடக்கஞ் செய்யப்பட்டது. கணவரை இழந்த முப்பத்தாறு வயதுப் பெண், பிறந்த நாட்டுக்குப் பாதி உலகத்துக்கு அப்பால் நின்றார். இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்பப் பலர் முன்வந்தனர். யாவரும் எதிர்பார்த்ததும் அதுவே. மேரியா உடன்படவில்லை. நகரின் புறத்தே அல்மெந்திறால் என்னும் பகுதியிலே சிறு வீடொன்றை வாடகைக்கு எடுத்துத் தனியே குடியேறினார். துயரத்தை மறக்க ஊர் திரும்புவோர் உளர். துயரத்தோடு ஊரார் முன் போய் நிற்க விரும்பாதோரும் உளர். இவர் எவ்வகையினர் என்று அவர் வெளிப்படக் கூறவில்லை. பள்ளி நடத்திய கப்பல் பிற துறைகளுக்குச் செல்ல, அவர் கரையிலே நின்றார்.

அங்கு தங்கிய மாதங்களை அவர் வீணாக்கவில்லை. மண்பாண்டஞ் செய்யும் ஊர் அண்மையில் உளதென்று கேள்வியுற்றுச் சென்றார். தொழிற்சாலை ஒன்றை எதிர்பார்த்துப் போனவருக்குக் குடிசை வாயில்களில் அமர்ந்து வேலை செய்யும் ஏழைப் பெண்களே காணக் கிடைத்தனர். திரிகை இல்லை, கையாலேயே வனைந்து, சிப்பியாலும் வழுவழுப்பான கல்லாலும் தேய்த்து மெருகேற்றினர். மேரியா அவர்களோடு தரையில் அமர்ந்து தாமும் செய்து பார்த்தார். வீடுகளுக்குச் சென்றபோது 'மாத்தே' என்னும் இலைப் பானத்தை ஒரே குழலால் ஒருவர்பின் ஒருவராக உறிஞ்சும் வழக்கத்துக்கும் உடன்பட்டார். ஆங்கிலேய வணிகரின் மனைவியர் பலர் கண்டறியாத சிலி நாட்டை அவர் கண்டது இவ்வாறுதான்.

தலைநகராகிய சந்தியாகோவுக்கும் சென்று, நாட்டின் முதல்வராயிருந்த பேர்ணார்டோ ஓஹிகின்சைச் சந்தித்தார். அவருடைய தாயாரும் சகோதரியும் அன்போடு வரவேற்றனர். ஸ்பெயினிடமிருந்து சிலியையும் பெருவையும் விடுவித்த சான் மாட்டீனையும் வல்பறைசோவிற் சந்தித்தார். அவரை மேரியாவுக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. காரணம் தெளிவு. சிலி நாட்டுக் கடற்படைக்குத் தலைமை தாங்கிய கொக்கிறேன் பிரபு, மேரியாவின் நண்பர். கொக்கிறேனுக்கும் சான் மாட்டீனுக்கும் இடையே தீராப் பகை. நண்பரின் பகைவர் எவரையும் நடுநிலையோடு நோக்கும் இயல்பு இவ்வம்மையாருக்கு வாய்க்கவில்லை. மனிதரைப் பற்றி அவர் எழுதியதை வரலாற்றாசிரியர் எச்சரிக்கையோடே படித்தல் வேண்டும். கல்லையும் மண்ணையும் பற்றி எழுதியது வேறு. அங்கே அவருக்கு நண்பருமில்லை, பகைவருமில்லை.

1822ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 19ஆந் திகதி. வல்பறைசோவுக்கு வடக்கே கின்றேறோ என்னுமிடத்தில் கொக்கிறேனின் வீடு இருந்தது. மேரியா அங்கே தங்கியிருந்தார். உடனிருந்தவர் முன்னே குறிப்பிட்ட கிளென்னி. இரத்த நாளம் வெடித்துக் கடும் நோயுற்ற அவ்விளைஞரை மேரியா தம் பொறுப்பிலே வைத்துப் பேணி வந்தார். இரவு பத்தேகால் மணி. சுரங்கத்திலே வெடி வைத்தாற்போன்ற ஓசையோடு வீடு குலுங்கியது. உடனிருந்தவர்களுள் ஒருவர் பூமியதிர்ச்சி என்று கூவிக்கொண்டு வெளியே ஓடினார். மேரியா உடனே எழவில்லை. இரவுக் குளிர் காற்று நோயாளிக்கு ஆகாது என்பதே அவருக்கு முதலில் தோன்றிய அச்சம்! புகைபோக்கிகள் சரிந்து, சுவர்கள் பிளக்கத் தொடங்கிய பின்னரே நோயாளியோடு வெளியேறினர். நிலம் கடலிலே மிதக்கும் கப்பலைப்போல் அசைந்தது. கால்நடைகள் கதறின, கடற்பறவைகள் விடியும்வரை அலறிக்கொண்டேயிருந்தன. அன்றிரவு முழுவதும் அதிர்ச்சிகள் அடுத்தடுத்து வந்தன.

வல்பறைசோ நகரின் பெரும் பகுதி இடிந்தது. அல்மெந்திறாலில் வீடுகளும் தேவாலயமும் நொறுங்கின. அன்று அந்நகரிலிருந்த ஓஹிகின்ஸ் மயிரிழையில் உயிர் தப்பினார். கின்றேறோவில் எல்லாரும் திறந்த வெளியிலே கூடாரத்திலும் குடிசையிலும் வாழ்ந்தனர். அதிர்ச்சிகள் நாட்கணக்காக, வாரக்கணக்காகத் தொடர்ந்தன. மேரியா ஒவ்வொன்றையும் நாட்குறிப்பிலே பதிந்தார்: எந்நேரம் வந்தது, எவ்வளவு நீடித்தது, ஓசை கேட்டதா, நிலம் எவ்வாறு அசைந்தது என்றெல்லாம்.

பின்பு கடற்கரைக்குச் சென்றார். அங்கே அவர் கண்டதுதான் இவ்வரலாற்றின் உயிர். முன்பு நீரின் கீழே இருந்த பாறைகள் வற்றல் பெருக்கு இரண்டிலும் வெளியே நின்றன. அவற்றிலே ஒட்டியிருந்த சிப்பிகளும் மட்டிகளும் ஒட்டியவாறே இறந்து அழுகி நாற்றம் வீசின. முன்னர் நெருங்க முடியாதிருந்த பழைய கப்பலின் சிதைவொன்றைக் கரையிலிருந்தே அணுக முடிந்தது. கடல் தாழ்ந்ததோ, கரை உயர்ந்ததோ? கடல் ஓரிடத்தில் மட்டும் தாழ்ந்து நிற்கும் இயல்பினதன்று. எனவே கரைதான் உயர்ந்திருத்தல் வேண்டும். வல்பறைசோவில் ஏறக்குறைய மூன்று அடியும், கின்றேறோவிற் சிலவிடங்களில் ஏறக்குறைய நான்கு அடியும் நிலம் எழுந்துவிட்டதென அவர் குறித்தார்.

அவர் கண்கள் அங்கேயும் நிற்கவில்லை. கரைக்கு மேலே, கடலுக்கு இணையாகச் சிறுகற்களும் சிப்பிகளும் கலந்த பழைய கரை வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. உயர்ந்தது கடல் மட்டத்துக்கு ஐம்பது அடி மேலே இருந்தது. இக்கரை எழுவது இதுவே முதன்முறையன்று, இதற்கு முன்னரும் பன்முறை இவ்வாறு எழுந்திருத்தல் வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். அக்காலத்திலே புவிச்சரிதவியலைத் தொழிலாகக் கொண்ட அறிஞர் பலருக்கும் இவ்வளவு தெளிவு இருக்கவில்லை.

1823 ஜனவரியில் மேரியா சிலியை விட்டுப் புறப்பட்டார். கொக்கிறேன் சிலியின் பணியைத் துறந்து பிறேசிலின் கடற்படைத் தலைமையை ஏற்கச் சென்ற கப்பலிலேயே அவரும் போனார். வழியிலே ஹுவான் பெர்னாண்டசுத் தீவிலே இறங்கினர். றொபின்சன் குறூசோக் கதைக்கு வித்திட்ட மாலுமி தனித்து வாழ்ந்த தீவு அது. பிறேசிலிற் கழிந்த ஆண்டுகள் தனி வரலாறாகும். ஆணுடை தரித்துப் போரிட்ட பாகியாப் பெண் மேரியா கித்தேரியாவை அவர் அங்கே கண்டு எழுதினார். பேரரசராகிவிட்ட பேத்றோவின் மூத்த மகளுக்கு ஆசிரியையாக 1824இல் அரண்மனை புகுந்து, அரண்மனைச் சூழ்ச்சிகளால் ஏறத்தாழ ஒரே மாதத்தில் வெளியேற்றப்பட்டார். 1825இல் பிறேசிலை விட்டு இறுதியாக நீங்கினார்.

இதற்கிடையே 1824இல் பிறேசில் நாட்குறிப்பு, சிலி நாட்குறிப்பு ஆகிய இரு நூல்களும் இலண்டனில் வெளிவந்தன. அவ்வாண்டிலேயே, பூமியதிர்ச்சி பற்றி அவர் நண்பரொருவருக்கு எழுதிய கடிதத்தின் பகுதியை இலண்டன் புவிச்சரிதவியற் சங்கம் தன் வெளியீட்டில் அச்சிட்டது. அச்சங்கத்தின் வெளியீட்டிலே இடம்பெற்ற முதற் பெண் எழுத்து அதுவே. பெண்களை உறுப்பினராக ஏற்பதற்கு அச்சங்கம் 1919 வரை காத்திருந்தது என்பதையும் சேர்த்துக் கூறுதல் வேண்டும். 1827இல் மேரியா ஓவியர் ஒகஸ்டஸ் கொல்கொட்டை மறுமணஞ் செய்தார். 1831இல் உடல் நலம் அடியோடு கெட்டது. அதன்பின் வாழ்ந்த ஆண்டுகளைப் பெரும்பாலும் நோயாளியாகவே கழித்தார்.

அவர் நோய்ப் படுக்கையில் இருந்தபோதுதான் அந்தச் சிலிக் கடற்கரை மீண்டும் எழுந்தது. இம்முறை எழுந்தது இலண்டனில், அறிஞர் சபையில்.

மலைகள் எவ்வாறு தோன்றின என்பது அக்காலத்து அறிஞரைப் பிரித்து வைத்த வினா. பழங்காலத்திலே நிகழ்ந்த, இன்று நிகழாத பேரழிவுகளால் அவை திடீரென எழுந்தன என்றனர் ஒரு சாரார். சாள்ஸ் லயல் இதனை மறுத்தார். இன்று நம் கண்முன் நிகழும் சிறு மாற்றங்களே நெடுங்காலம் தொடர்ந்து மலைகளை எழுப்பின என்பது அவர் கொள்கை. 1830இல் வெளிவரத் தொடங்கிய அவருடைய நூலுக்குச் சான்றுகள் தேவைப்பட்டன. ஒரே இரவில் சில அடி எழுந்த சிலிக் கடற்கரையைவிடச் சிறந்த சான்று எங்கே கிடைக்கும்? மேரியாவின் கடிதத்தை அவர் எடுத்தாண்டார். உயர்ந்த நிலப்பரப்பு ஓரிலட்சம் சதுர மைல் இருக்கலாமென்ற கணக்கும் அந்நூலில் இடம்பெற்றது.

சங்கத்தின் தலைவராயிருந்த ஜோர்ஜ் கிறீனோவுக்கு இக்கொள்கை உடன்பாடன்று. 1834இல் ஆண்டுப் பேருரை நிகழ்த்தியபோது அவர் மேரியாவின் சாட்சியத்தை ஒவ்வொன்றாக எடுத்துத் தாக்கினார். நிலம் அதிர்ந்து வீடு சரியும் வேளையிலே அஞ்சி நடுங்கியவர் எவ்வாறு நிதானமாக நோக்கியிருக்க முடியும் என்பது அவர் வாதங்களுள் ஒன்று. அக்காலத்தில் வல்பறைசோவில் வாழ்ந்த வேறு சிலர் கரையிலே மாற்றமெதனையும் காணவில்லை என்பதும் அவருக்குத் துணையாயிற்று. இரண்டாவது வாதம் அறிவியலுக்கு ஏற்றதே. அதனை எவரும் எழுப்பலாம். முதலாவது வாதமோ, சாட்சியத்தை விட்டுச் சாட்சியைத் தாக்குவது. அதிர்ச்சி வந்தது இரவில்; அம்மையார் பாறைகளையும் சிப்பிகளையும் பார்த்தது பின்னர், பகலில். இவ்வேறுபாடு அவருக்குத் தெரியாததன்று.

கொல்கொட் குடும்பத்தைச் சேர்ந்த ஓவியரொருவர் பிற்காலத்தில் எழுதிய நினைவுக் குறிப்பின்படி, இச்செய்தி கேட்டதும் மேரியாவின் கணவரும் சகோதரரும் கிறீனோவைத் துவந்த யுத்தத்துக்கு அழைக்க எழுந்தனராம். படுக்கையிலிருந்த அம்மையார் இருவரையும் அடக்கி, தம் போரைத் தாமே நடத்தத் தெரியுமென்று கூறினாராம். நடத்தியும் காட்டினார். சங்கத் தலைவருக்கும் உறுப்பினருக்கும் முகவரியிட்ட கடிதமொன்றை 1834இலேயே அச்சிட்டு வெளியிட்டார். சீற்றம் உண்டு; ஆயினும் அதனைவிட நாட்குறிப்பே அதில் மிகுதியாகப் பேசிற்று. தாம் எந்தக் கொள்கைக்கும் வக்கீலல்லர், கண்டதை அன்றன்று எழுதியவர் மட்டுமே என்பது அவர் பதிலின் சாரம். கிறீனோ இதற்கு மறுமொழி கூறவில்லை. அடுத்த ஆண்டில் அமெரிக்க அறிவியற் சஞ்சிகையொன்றும் அக்கடிதத்தை மறுபதிப்புச் செய்தது.

வழக்கைத் தீர்த்து வைத்தது எழுதுகோலன்று, சிலியின் நிலமே. 1835 பெப்ரவரி 20ஆந் திகதி கொன்செப்சியோன் நகரைப் பெரும் பூமியதிர்ச்சி தாக்கியது. 'பீகிள்' என்னும் ஆய்வுக் கப்பல் அப்போது அக்கரையோரத்திலேயே இருந்தது. அதிலே இளைஞராகிய சாள்ஸ் டார்வினும் இருந்தார். இரு வாரத்துள் அவர்கள் கொன்செப்சியோன் குடாவை அடைந்தனர். குடாவைச் சூழ்ந்த நிலம் இரண்டு மூன்று அடி உயர்ந்திருந்தது. சாந்தா மரியாத் தீவிலோ, கப்பற்றலைவர் பிற்ஸ்றோய் அளந்து பார்த்தபோது, பெருக்கு நீரின் எல்லைக்குப் பத்து அடி மேலே பாறைகளில் மட்டிகள் ஒட்டியவாறே அழுகிக்கொண்டிருந்தன. முன்பு அத்தீவு மக்கள் இந்த மட்டிகளை நீரில் மூழ்கியே எடுத்துவந்தனர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கின்றேறோவிலே மேரியா முகர்ந்த அதே நாற்றம், அதே சான்று. இம்முறை எழுதியோர் கடற்படைத் தலைவரும் இயற்கையாய்வாளரும் ஆதலால், அஞ்சி நடுங்கினரோ என்று எவரும் கேட்கவில்லை.

மேரியா கொல்கொட் 1842 நவம்பர் 21ஆந் திகதி இலண்டனிற் காலமானார். அக்காலத்து ஆங்கிலச் சிறுவர்களுக்கு அவரை நினைவூட்டியது சிலியன்று. 1835இல் அவர் எழுதிய 'சிறுவன் ஆதருக்கு இங்கிலாந்தின் வரலாறு' என்னும் நூலே. அது பல தலைமுறைக்கு வீடுகளிற் படிக்கப்பட்டது. கணவரின் உடல் வல்பறைசோவிலேயே கிடக்க, அவர்களைச் சுமந்து சென்ற டோறிஸ் கப்பலும் 1829இல் அத்துறைமுகத்திலேயே விற்கப்பட்டது. சிலி நாட்டார் அவரை மறக்கவில்லை. அந்நாடு பிறந்த ஆண்டுகளை ஓஹிகின்சின் வீட்டிலிருந்தும் குயவப் பெண்களின் குடிசையிலிருந்தும் ஒருங்கே எழுதிவைத்தவர் வேறெவர்? 2008இல் சிலி அரசின் செலவில் இலண்டனிலுள்ள அவர் கல்லறை புதுப்பிக்கப்பட்டு, அவரைச் சிலி நாட்டின் நண்பர் எனக் குறிக்கும் பலகையொன்று பதிக்கப்பட்டது.

நிலம் ஏன் எழுகிறது என்பதற்கு மேரியாவிடம் விடை இருக்கவில்லை. லயலிடமும் டார்வினிடமும் முழு விடை இருக்கவில்லை. பசிபிக் சமுத்திரத்தின் அடித்தளமாகிய புவித்தகடு ஒன்று தென் அமெரிக்கக் கண்டத்தின் கீழே மெல்ல மெல்ல நுழைந்துகொண்டிருக்கிறது என்பதை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அறிஞர் தெளிந்தனர். இரு தகடுகளும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நெடுங்காலம் அசையாது நிற்கும். பிடி விடும் நாளிலே நிலம் அதிர்ந்து கரையோரத்தின் ஒரு பகுதி துள்ளி எழும், வேறொரு பகுதி தாழும். 1960 மே மாதம் 22ஆந் திகதி சிலியின் தென்பகுதியில் நிகழ்ந்தது, கருவிகள் பதிவுசெய்தவற்றுள் மிகப் பெரிய பூமியதிர்ச்சி. அதன் அளவு 9.5. 2010 பெப்ரவரி 27ஆந் திகதி 8.8 அளவான மற்றொன்று வந்தது. சாந்தா மரியாத் தீவு மீண்டும் ஒன்றரை மீற்றருக்கு மேல் எழுந்தது. செய்மதிகளும் நுண்கருவிகளும் நிறைந்த காலம் அது. ஆயினும் ஆய்வாளர் கரைக்குச் சென்று, பாறைகளிலே நீரின்றி இறந்து வெளுத்துப்போன பாசிகளின் விளிம்புக்கு அளவுகோல் பிடித்துக் கரை எவ்வளவு உயர்ந்ததென்று குறித்துக்கொண்டனர்.